மலையில் பிறந்தோம், கடலடியைக் கற்போம்

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் இருவர் சேர்ந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் இருவரும் இந்தப் பாடசாலையில் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள். ஒருவர் தோட்டத்து லயத்திலிருந்தும் மற்றவர் ஹட்டன் கடைத்தெருவிலிருந்தும் வந்தோம். பின்னர் ஒருவர் புவியியலும் மற்றவர் இரசாயனவியலும் படிப்பித்து ஓய்வு பெற்றோம். நூற்றாண்டு விழாவில் பழைய நினைவுகளைப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நினைவுகளைச் சொல்ல இங்கே பலர் இருக்கிறார்கள். நாங்கள் ஒரு பாடம் நடத்திவிட்டுப் போகிறோமே என்று அனுமதி கேட்டோம். படிப்பிக்கும் பழக்கம் ஓய்வூதியத்தோடு போய்விடுவதில்லை, மன்னிக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறோம். மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், சிவனொளிபாதமலை எரிமலையா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கூம்பு போல எழுந்து நிற்கும் மலையைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது நியாயந்தான் என்றார். மறுநாள் வரும்போது ஆளுக்கொரு கல் கொண்டு வரச் சொன்னார். பாதை வெட்டிய இடத்திலிருந்தும் ஆற்றோரத்திலிருந்தும் லயத்து வாசலிலிருந்தும் நாங்கள் கல் பொறுக்கிக்கொண்டு வந்தோம்.

அந்தக் கற்களில் கறுப்பும் வெள்ளையும் வரிவரியாக ஓடின. சிலவற்றில் மாதுளை முத்துப் போலச் சிவந்த கார்னெட் மணிகள் இருந்தன. எரிமலைக் கல் எதுவும் அவற்றில் இல்லை. சிவனொளிபாதமலை எரிமலை அல்ல. பிதுருதலாகலையும் அல்ல. நம் மத்திய மலைநாட்டின் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலப்பரப்புகள் ஒன்றோடொன்று மோதி இணைந்தபோது, 20 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில் வெந்து நசுங்கி மாறிய உருமாறிய பாறைகள். மேலே இருந்த மலை முழுவதும் தேய்ந்து போனபின் வெளியே தெரியும் அடிப்பாகத்தில்தான் நாம் தேயிலை நட்டிருக்கிறோம்.

இவற்றுள் சார்னொக்கைட் என்றொரு கல் உண்டு. கல்கத்தாவில் ஜோப் சார்னொக் என்ற ஆங்கிலேயரின் கல்லறையில் பதித்திருந்த கல்லைப் பார்த்துத் தோமஸ் ஹொலண்ட் என்ற புவிச்சரிதவியலாளர் இட்ட பெயர் அது. அந்தக் கல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் வெட்டி எடுக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் தாண்டி வந்து இந்த மலையில் காடு வெட்டியபோது, அவர்கள் விட்டு வந்த ஊர்ப்பக்கத்துக் கல்லின் உறவுக் கல்லே இங்கும் காலடியில் கிடந்தது. இரண்டு நிலங்களும் ஒரு காலத்தில் ஒரே பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்தவை.

அப்படியானால் எரிமலைக் கல் எங்கே இருக்கிறது? நம்மைச் சுற்றியுள்ள கடலின் அடியில் இருக்கிறது. காலி முகத்திடலில் நின்று நாம் பார்க்கும் இந்து சமுத்திரத்தில், கண்டத்தின் விளிம்பைத் தாண்டிப் போனால், சேற்றுப் படைக்குக் கீழே எங்கும் இருப்பது பசால்ட் என்னும் கறுத்த எரிமலைக் கல்தான். உலகச் சமுத்திரங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே தரை.

இந்தத் தரை உருவாகும் இடத்துக்கு மத்திய சமுத்திர முகடு என்று பெயர். கிரிக்கட் பந்தின் தையல் போல உலகைச் சுற்றி ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் நீளத்துக்கு இந்த மலைத்தொடர் கடலுக்குள் ஓடுகிறது. அதன் ஒரு பகுதி மாலைதீவுக்கு மேற்கே, இந்தியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்குக் கார்ல்ஸ்பேர்க் முகடு என்று பெயர். பிள்ளைகள் சிரிப்பது கேட்கிறது. ஆம், அதே பெயர்தான். 1928 முதல் 1930 வரை டானா என்ற டென்மார்க் ஆய்வுக் கப்பல் உலகைச் சுற்றி வந்து அந்த முகட்டைக் கண்டது. அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தது கார்ல்ஸ்பேர்க் மதுபான நிறுவனத்தாரின் அறக்கட்டளை. அதனால் வந்த பெயர்.

இந்த முகட்டின் இரு பக்கத்துப் புவித்தகடுகளும் ஒன்றைவிட்டு ஒன்று ஆண்டுக்கு 2 முதல் 3 சென்டிமீற்றர் வரை விலகுகின்றன. நம் விரல் நகம் வளரும் வேகத்தை ஒத்தது அது. தகடுகள் விலகும் இடத்தை நிரப்பக் கீழிருந்து மூடி எனப்படும் படையின் பாறை மெல்ல மேலெழுகிறது. அந்தப் பாறை ஆழத்தில் குழம்பாக இருப்பதாகப் பலர் நினைக்கிறோம். அங்கே வெப்பம் 1,300 பாகைக்கு மேல். ஆனால் அது திண்மம். மேலே உள்ள பாரத்தின் அமுக்கம் அதை உருக விடுவதில்லை. மேலே வரும்போது அதன் வெப்பம் கூடுவதும் இல்லை. பிறகு ஏன் உருகுகிறது?

இதை விளங்கிக்கொள்ள மலைநாட்டுப் பெண்களுக்குத் தனிச் சலுகை உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. காற்றின் அமுக்கம் அங்கே குறைவு. அதனால்தான் கொழும்பில் அவிவதைவிட நம் வீட்டில் பருப்பு அவிய அதிக நேரம் பிடிக்கிறது. பிரஷர் குக்கரை மூடி அடுப்பில் வைத்தால் அமுக்கம் கூடுகிறது. உள்ளே தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஆவியை விட்டதும் அடுப்பை அணைத்திருந்தாலும் உள்ளே ஒரு கொதி கொதித்து அடங்குகிறது. தீ கூடவில்லை, அமுக்கம் குறைந்தது, அவ்வளவுதான்.

முகட்டுக்கு அடியிலும் இதே கதை. பாறை மேலெழ மேலெழ அமுக்கம் குறைகிறது. பல பத்துக் கிலோமீற்றர் ஆழத்தில் அது உருகத் தொடங்குகிறது. அப்போதும் முழுவதும் உருகுவதில்லை. பத்தில் ஒரு பங்கு, கூடினால் இரண்டு பங்கு. எளிதில் உருகும் பொருட்கள் முதலில் பிரிந்து சேர்வதால், அந்தக் குழம்பு தான் பிறந்த பச்சை நிறப் பாறையிலிருந்து வேறுபட்ட கலவையாக இருக்கிறது. அதுவே பசால்ட் ஆகிறது.

ஏறத்தாழ 1,200 பாகை வெப்பமுள்ள இந்தக் குழம்பு வெடிப்புகள் வழியே கடலடிக்கு வந்து, உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிர் நீரைத் தொடுகிறது. அங்கே பெரும் வெடிப்பு நிகழும் என்று எதிர்பார்ப்போம். இரண்டரைக் கிலோமீற்றர் ஆழத்தில் நீரின் அமுக்கம் தரையில் உள்ள காற்றின் அமுக்கத்தைப் போல 250 மடங்கு. அந்தப் பாரத்தில் நீரால் ஆவியாக விரிய முடிவதில்லை. எனவே குழம்பு பற்பசையைப் பிதுக்கியது போல அமைதியாக வருகிறது. வெளித்தோல் நொடியில் கண்ணாடியாக உறைகிறது. உள்ளே இன்னும் குழம்பாக இருப்பது தோலைக் கிழித்துப் பக்கத்தில் இன்னொரு உருண்டையாகப் பிதுங்குகிறது. இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடப்பவற்றைத் தலையணை லாவா என்கிறார்கள். படத்தில் பார்த்தால் துணி கட்டிய மூட்டைகளை அடுக்கியது போலவே இருக்கும்.

வெளியே வராமல் வெடிப்புக்குள்ளேயே நின்ற குழம்பு செங்குத்தான சுவர்களாக உறைகிறது. இன்னும் கீழே தங்கியது ஆறுதலாகக் குளிர்ந்து பெரிய பளிங்குகள் கொண்ட கப்ரோ என்ற பாறையாகிறது. ஒரே குழம்பு ஏன் மூன்று விதமான கல்லாகிறது? சீனிப்பாகை நினைத்துப் பாருங்கள். சட்டென்று குளிர வைத்தால் கண்ணாடி போன்ற மிட்டாய். நாட்கணக்கில் அசையாமல் விட்டால் கற்கண்டு. பாகு ஒன்றுதான், குளிரக் கிடைத்த நேரந்தான் வேறு. இந்த மூன்று படைகளும் சேர்ந்து 6, 7 கிலோமீற்றர் தடிப்புள்ள சமுத்திரப் புவியோடு ஆகின்றன.

யாரும் இறங்கிப் பார்க்காத ஆழத்தில் இதெல்லாம் நடப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு எளிதாக விளங்கும் உதாரணம் ஒன்று உண்டு. தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பலகை இருக்கும். இலக்கம், பரப்பு, நட்ட ஆண்டு, கவ்வாத்து வெட்டிய ஆண்டு என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்துக்கொண்டே நடந்தால் எது புதுத் தேயிலை, எது பழந்தேயிலை என்று தெரிந்துவிடும். கடலடியிலும் அப்படிப் பலகைகள் இருக்கின்றன. குழம்பு உறையும்போது அதிலுள்ள இரும்புக் கனியங்கள் அன்றைய பூமியின் காந்தத் திசையைத் தம்முள் பதித்துக்கொள்கின்றன. பூமியின் காந்த வடக்கும் தெற்கும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறியிருக்கின்றன. எனவே முகட்டிலிருந்து இரு பக்கமும் போகப் போக, ஒரு திசைப் பட்டை, எதிர்த் திசைப் பட்டை என்று மாறி மாறி வருகிறது.

இதற்கான விளக்கம் நம் இந்து சமுத்திரத்திலிருந்துதான் உலகுக்குக் கிடைத்தது. 1962இல் ஓவன் என்ற பிரித்தானியக் கப்பல் கார்ல்ஸ்பேர்க் முகட்டின் மேலாகக் காந்த அளவீடுகள் எடுத்தது. அந்த அளவீடுகளைக் கொண்டு பிரெட் வைன், ட்ரமண்ட் மத்தியூஸ் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் இருவரும் 1963இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, கடலடி விரிகிறது என்ற கருத்துக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தது. முகட்டில் பிறக்கும் தரை விலகிச் சென்று, குளிர்ந்து, கனத்து, ஒரு நாள் இன்னொரு தகட்டுக்குக் கீழே அமிழ்கிறது. சுமாத்திராவுக்கு அருகே அப்படி அமிழும் விளிம்பு திடீரென நழுவியதே 2004 டிசம்பர் 26ஆந் திகதி நம் கரைகளைத் தாக்கிய ஆழிப்பேரலைக்குக் காரணம். இன்றைய சமுத்திரத் தரையில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது ஏறக்குறைய எங்கும் இல்லாததும் இதனால்தான். நம் மலையின் வயதில் அது பாதிகூட இல்லை.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததே அவருக்காகத்தான். மேரி தார்ப், 1920இல் அமெரிக்காவில் பிறந்தவர். போருக்கு ஆண்கள் போனதால் காலியான இடங்களுக்குப் பெண்களைச் சேர்த்தபோது புவிச்சரிதவியல் படிக்க வாய்ப்புப் பெற்றவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஆய்வுக் கப்பலில் பெண்கள் ஏற அன்று அனுமதி இல்லை. உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் கப்பலில் போய் ஆழ அளவீடுகளைக் கொண்டுவருவார். மேரி மேசையில் அமர்ந்து, இலக்கம் இலக்கமாகக் குறித்து, கடலடியை வரைவார்.

1952இல் அத்திலாந்திக் முகட்டின் உச்சியில், நெடுகிலும் ஒரு பள்ளத்தாக்கு ஓடுவதை அவர் கண்டார். தரை பிளந்து விலகும் அடையாளம் அது. ஹீசனிடம் காட்டினார். பெண்பிள்ளைகளின் பேச்சு என்று அவர் ஒதுக்கித் தள்ளினார். மேரி சண்டை பிடிக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. மறுபடி வரைந்தார். அதே கூடத்தில் இன்னொருவர் நிலநடுக்கங்கள் நிகழ்ந்த இடங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் பொருத்திப் பார்த்தபோது நிலநடுக்கப் புள்ளிகள் மேரி வரைந்த பள்ளத்தாக்கின் மேலேயே வரிசையாக விழுந்தன. ஹீசன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. 1967இல் நெஷனல் ஜியோகிரபிக் இதழ் வெளியிட்ட இந்து சமுத்திரத் தரையின் புகழ்பெற்ற படம், அவர்கள் இருவரின் வேலையைக் கொண்டு ஓவியர் பெரான் தீட்டியது. மேரி ஆய்வுக் கப்பலில் ஏறியது பிற்காலத்தில்தான். கப்பல் ஏற விடாத காலத்திலேயே கடலடியை அவர் கண்டுவிட்டார்.

அந்தப் படத்தில் முகடுகளைத் தவிரத் தனித்தனி மலைகளும் இருக்கின்றன. அவை கடலடிக் குன்றுகள். தகட்டின் நடுவிலும் கீழிருந்து வெப்பப் பாறை மேலெழும் இடங்கள் உண்டு. தகடு அந்த இடத்தைக் கடக்கும்போது எரிமலைகள் வரிசையாக உருவாகின்றன. நம் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகும் மாலைதீவு அப்படியான ஓர் எரிமலைத் தொடரின்மேல் வளர்ந்த பவளப் படை. தென்திசையில் போகப் போகக் கற்களின் வயது குறைகிறது. அதே வரிசையின் இன்றைய முனை ரியூனியன் தீவு. அங்குள்ள எரிமலை இன்றும் அடிக்கடி குழம்பைக் கக்குகிறது. அந்தத் தீவிலும் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் பிள்ளைகள் வாழ்கிறார்கள். ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து புறப்பட்டவர்களில் சிலர் பழம்பாறையில் தேயிலை நட்டோம், சிலர் எரிமலை மண்ணில் கரும்பு நட்டார்கள்.

இன்னொரு குன்று நம் தெற்கே, பூமத்திய ரேகையைத் தாண்டி, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ரஷ்ய வணிகரின் பெயரால் அதை அஃபனாசி நிகித்தின் குன்று என்கிறார்கள். அதைச் சூழ்ந்த கடலடி 4,800 மீற்றர் ஆழம். அதன் உயர்ந்த சிகரம் ஏறத்தாழ 1,600 மீற்றர் ஆழத்தில் நிற்கிறது. அதாவது அடிவாரத்திலிருந்து அளந்தால் 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலையைவிட உயரம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அணைந்த எரிமலை அது. அதன் பாறைமேல் கடல்நீரிலிருந்து இரும்பும் மங்கனீசும் கோபால்ட்டும் பொருக்காகப் படிந்திருக்கின்றன. பத்து இலட்சம் ஆண்டுக்கு ஒரு சில மில்லிமீற்றர் என்ற வேகத்தில் வளரும் பொருக்கு. இன்று மின்கலங்களுக்குக் கோபால்ட் வேண்டும். 2024 ஜனவரியில் இந்தியா அந்தக் குன்றில் ஆய்வு செய்யச் சர்வதேசக் கடலடி அதிகார சபையிடம் அனுமதி கோரியது. இலங்கை 2009இலேயே ஐக்கிய நாடுகள் சபையிடம் சமர்ப்பித்த கண்டமேடைக் கோரிக்கைக்குள் அந்தப் பகுதி வருகிறது.

அந்தப் பொருக்கைச் சுரண்டலாமா, சுரண்டினால் அங்கே ஒட்டி வாழும் உயிர்கள் என்னவாகும், பயன் யாருக்குப் போகும் என்று பேசும் மேசைகளில் நாளை சிலர் அமர்வார்கள். பாறை படிக்கத் தெரிந்தவர்களே அங்கே பேச முடியும். தங்கைமாரே, அந்த மேசையில் இந்த மலைநாட்டுப் பெண் ஒருத்தி இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

இதைச் சொல்லும்போது ஒரு பழைய வலியையும் சொல்லத்தான் வேண்டும். சிவனொளிபாதமலையைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. சாதாரணதரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தாள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வேறு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. விடுதிக்குக் கட்டப் பணமும் இல்லை, பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்ப வீட்டாருக்குத் துணிவும் இல்லை. அவள் அம்மாவுடன் கொழுந்து எடுக்கப் போனாள். அவளுடைய கேள்விக்கான முழு விடையை நாங்கள் பிற்காலத்தில் படித்தபோது, சொல்ல அவள் பக்கத்தில் இல்லை. இன்று அவளுடைய பேத்தி இந்த மண்டபத்தில் வெள்ளைச் சீருடையில் அமர்ந்திருக்கிறாள் என்பது எங்களுக்கு ஓர் ஆறுதல்.

ஆகவே சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. நூற்றாண்டு நினைவாக ஆய்வுகூடத்தில் ஒரு கல் அலுமாரி வைப்போம். நம் மலையின் கற்களைப் பிள்ளைகளே பொறுக்கி, பெயர் எழுதி, அதில் அடுக்கட்டும். பக்கத்தில் ஒரு துண்டு பசால்ட்டும் இருக்கட்டும், தொட்டுப் பார்க்க. அடுத்தது, விஞ்ஞானம் படிக்க வெளியூர் போகும் பிள்ளைக்கு விடுதிக் கட்டணம் கொடுக்க ஒரு நிதி வைப்போம். அதன் முதல் பங்கை நாங்கள் இருவரும் இன்று தலைவியிடம் ஒப்படைக்கிறோம்.

பெற்றோரே, ஆழத்தில் இருக்கும் பாறைக்கு வெப்பம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது, மேலே உள்ள பாரம் குறைந்தால் போதும் என்று பார்த்தோம். உங்கள் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். தங்கைமாரே, நாளை வகுப்பில் யாராவது சிரிப்பார்களே என்று கேள்வியை விழுங்கிவிடாதீர்கள். எழுந்து நின்று கேளுங்கள்.

கல் கொண்டு வரச் சொன்ன எங்கள் ஆசிரியை இன்று நம்மிடையே இல்லை. இந்தப் பாடம் அவருக்குச் சமர்ப்பணம். நூறு ஆண்டுகள் நம்மைத் தாங்கிய இந்தப் பாடசாலை இன்னும் பல நூறு ஆண்டுகள் வாழ்க.